மேடையில் வீற்றிருக்கும்

போன வருடக் கட்சிக் கூட்டத்தில் நாற்காலிகள் பறந்ததற்குக் கொள்கை காரணம் அல்ல. ஒரு பெயர் விட்டுப்போனதுதான் காரணம். செத்துப் பதினாறு வருடமான கட்சி நிறுவனரை, செத்தவர்களின் உருவத்தையும் குரலையும் ஒளியில் எழுப்பும் ஆவி மைக்கில் பேச வைத்தார்கள். அதே கணீர்க் குரல், சுண்டு விரலை ஆட்டும் அதே தோரணை. மேடையில் இருந்தவர்களை வரிசையாக விளித்தவர், தெற்கு ஒன்றியச் செயலாளரை மட்டும் விட்டுவிட்டார். ஒன்றியத்து ஆட்கள் அரை நிமிடம் பொறுத்துப் பார்த்தார்கள். அப்புறம் நிறுவனர் என்றும் பார்க்கவில்லை, காலமானவர் என்றும் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த கூட்டத்தில் எதிர்க்கோஷ்டிக்காரன் ஒருவன், மாவட்டச் செயலாளர் பெயர் வரப்போகும் நேரம் பார்த்து ஆவி மைக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டான். அந்த மாவட்டச் செயலாளர்தான் நாச்சிமுத்து. மாலையும் கழுத்துமாகப் பாதி எழுந்து நின்றவர் அப்படியே உட்கார வேண்டியதாயிற்று.

அதனால் இந்த முறை, ஓடை காத்த வீராங்கனை பூங்கோதையின் எட்டாம் ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கு, நாச்சிமுத்து ஆவி மைக் செய்யும் சென்னைக் கம்பெனிக்கு மூன்று நிபந்தனைகள் போட்டார். மேடையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தர் பெயரும் விடக்கூடாது. அதற்காகக் கேமராவில் முகத்தைப் பார்த்து இயந்திரமே விளிக்க வேண்டும். வெறும் பெயரைச் சொன்னால் போதாது. ஒவ்வொருவருக்கும் பூங்கோதையோடு என்ன தொடர்பு என்று ஒரு வரியாவது சேர்த்துச் சொல்ல வேண்டும். விளிக்க ஆரம்பித்தால் 'வணக்கம்' என்று முடிக்கும் வரை எந்தக் கொம்பனாலும் நிறுத்த முடியக்கூடாது.

இந்த மூன்றாவது நிபந்தனையைக் கேட்டபோது பூங்கோதையின் தங்கை மகுடேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அக்கா செத்த பிறகு அவள் மனம் விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கட்சி அலுவலகத்தின் மாடி அறையில் கம்பெனியிலிருந்து வந்த ஷாநவாஸ் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். கீழே ஹாலில் நான்கு நாளாக ஒரே சண்டை. யார் பெயருக்குப் பிறகு யார் பெயர், யார் 'அண்ணன்', யார் வெறும் 'திரு' என்று.

"பூங்கோதை மேடத்துக்கு நீங்க ஒருத்தர்தான் வாரிசு. சட்டப்படி அவங்க பேச்சு, எழுத்து, போட்டோ எல்லாம் நீங்கதான் தரணும்" என்றான் ஷாநவாஸ். "நீங்க குடுக்கற மூலத்துல கட்சிக்காரங்க கை வைக்க முடியாது. வச்சா கவர்மென்ட் முத்திரை கிடைக்காது."

"முத்திரை இல்லீன்னா என்னாகும் தம்பி?"

"ஒருத்தனும் நம்ப மாட்டான். முத்திரை இல்லாத குரல் எது வந்தாலும் போலின்னுதானே மேடம் ஜனங்க நினைக்கிறாங்க?"

அது அவளுக்குத் தெரியாதா என்ன? பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது.

எட்டு வருடத்துக்கு முன்னால் பூங்கோதை ஒரு தையல் கம்பெனித் தொழிலாளி. சாயக்கழிவை ஓடையில் விடுகிறார்கள் என்று பதினான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அந்தச் சாயக்கழிவு பிளாண்ட் வாசலில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் காலையில் கழிவு நீரைப் பாட்டிலில் பிடிப்பதற்காக உள்ளே போனார்கள். வெளியிலிருந்து கேட்டைப் பூட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் தொட்டிப் பக்கமிருந்து மஞ்சளாகப் புகை கிளம்பியது. தொட்டியின் வால்வை யாரோ திறந்துவிட்டார்கள் என்று பிழைத்த பெண்கள் சொன்னார்கள்; தானாகத் திறந்துகொண்டது என்று விசாரணை சொன்னது. ஐந்து பேர் செத்தார்கள். 'அத்துமீறி நுழைந்த பெண்கள் பலி' என்று சாயங்காலம் டிவியில் ஓடியது. 'அத்துமீறி நுழைந்த' என்ற இரண்டே வார்த்தையில் பழியைப் பிணத்தின் தலையில் தூக்கி வைத்துவிட்டார்கள்.

புகைக்குள் நின்றுகொண்டு பூங்கோதை போன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். பெரிய மனிதர்கள் பேச்சு மாறுவார்கள் என்பதால் எந்தப் பேச்சையும் பதிவு செய்து வைப்பது அவள் வழக்கம். அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு மகுடேஸ்வரி ஏறாத டிவி ஆபீஸ் இல்லை. கடைசியில் ஒரு விவாத நிகழ்ச்சியில் போட்டார்கள். நாச்சிமுத்துவும் அதில் உட்கார்ந்திருந்தார். "எவனோ என்ற குரல்ல என்ற சம்சாரத்துக்கே போன் பண்ணி நகையைக் கேக்கறானுங்க. இதெல்லாம் ஒரு ஆதாரமுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு முடிந்தது. நிஜக் குரல் போலியாகிப் போனது. மூன்று வருடம் கழித்து ஓட்டுக்கு ஒரு வீராங்கனை தேவைப்பட்டபோது அதே நாச்சிமுத்து அக்காவுக்குச் சிலை வைத்தார். பால் ஊற்றினார். இப்போது குரலும் கேட்கிறார்.

மகுடேஸ்வரி பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். போலீஸ் திருப்பிக் கொடுத்த பழுப்புக் கவரிலேயே இத்தனை நாளும் இருந்தது. திரையில் ஒரு விரிசல்.

"இதுலதான் எல்லாம் இருக்குது தம்பி. மேடையில உக்காரப் போறவிய பேரெல்லாம் அக்காவுக்குத் தெரியும். என்ன தொடர்புன்னும் அவளுக்கே தெரியும்."

ஷாநவாஸ் அதைத் தன் கணினியில் சொருகிப் பார்த்தான். பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கேட்டான். முகம் மாறியது. பிறகு, பதிவுகள் முடிந்தும், எதையோ கீழே கீழே தள்ளிப் படித்துக்கொண்டிருந்தான். அது அழைப்புப் பட்டியல். அதை மட்டும் மகுடேஸ்வரி இந்த எட்டு வருடத்தில் ஒரு நாளும் திறந்ததில்லை. குரல்கள் இருக்கும்போது பட்டியல் எதற்கு என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

"மேடம், இதை முழுசாப் பார்த்துட்டுத்தான் குடுக்கறீங்களா?"

"எதுக்குங் தம்பி பாக்கோணும்? அப்படியே போடுங்க. நேரப்படி வரட்டும். யாருக்கு எப்பக் கூப்பிட்டாளோ அந்த வரிசையில. அவ கூப்பிடாதவிய, சிலைத் திறப்பு போட்டோவுல இருக்கறவிய, நடுவுல எங்க வேணாலும் வரட்டும்."

"கட்சிக்காரங்க ஒத்திகை கேட்பாங்களே?"

"அவிய பேரும் வரிசையும்தானுங் கேப்பாங்க."

அவள் சொன்னபடியேதான் நடந்தது. அடுத்த நாள் ஒத்திகையில் நாச்சிமுத்துவும் இன்னும் பதினைந்து பேரும் சுற்றி உட்கார்ந்து பெயர்ப் பட்டியலை ஓடவிட்டார்கள். "என்ற பேரு இருக்குதா?" "இருக்குதுங்க." "முன்னாடியா பின்னாடியா?" "முன்னாடிங்க." நேர வரிசையில் முதல் ஆளாகத் தன் பெயர் நிற்பதைப் பார்த்ததும் நாச்சிமுத்துவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தயா, பூங்கோதைக்கே தெரியுது" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். என்ன தொடர்பு சொல்லப்போகிறது என்று ஒரு ஆள் கேட்கவில்லை. புகழ்ச்சியைத் தவிர வேறு ஏதாவது மேடையில் வரும் என்று அவர்களுக்கு இந்த ஜென்மத்தில் தோன்றாது.

கூட்டத்தன்று மூன்று மணிக்கு ஷாநவாஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்றைக் கையில் கொடுத்தான்.

"வேற யாராலயும் நிறுத்த முடியாது. ஆனா சட்டப்படி வாரிசுக்கு மட்டும் உரிமை உண்டு. கட்டை விரலை இதுல வச்சா போதும், அந்த வார்த்தையோட நின்னுடும்."

"எனக்கு வேண்டாமுங்க."

"வச்சுக்கங்க மேடம். இன்னொண்ணு." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நீங்க மேடையில ஏறாதீங்க. கூப்பிட்டாலும் ஏறாதீங்க. கீழயே உட்கார்ந்து பாருங்க."

அடி விழும் என்று பையன் பயப்படுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அடிபட்டால்தான் என்ன?

நான்கரை மணி வெயிலில் மைதானம் நிறைந்திருந்தது. அவள் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சாந்தாமணியக்கா. அன்றைக்குப் புகையில் மகளைப் பறிகொடுத்தவள். பிரியாணிப் பொட்டலத்துக்காக வந்தேன் என்று வெட்கப்படாமல் சொன்னாள்.

அப்போது மேடையிலிருந்து நாச்சிமுத்துவே இறங்கி வந்தார். "ஏனம்மிணி, வீராங்கனையோட தங்கச்சி கீழ உக்காந்தா எனக்குத்தானே அசிங்கம்? வா, வா. டிவில பாக்கறவிய என்ன நெனப்பாங்க?" கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது.

ஷாநவாஸ் மேடை ஓரத்திலிருந்து வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் ஒரு கணம் நின்றாள். ஆனால் எட்டு வருடம் காத்திருந்தவளுக்கு அந்த முகங்கள் கறுக்கும்போது கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை அடக்க முடியாததாக இருந்தது. ஏறிவிட்டாள். பொன்னாடை போர்த்தி, முன்வரிசையில் நாச்சிமுத்துவுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கறுப்புப் பெட்டியை மடியில் முந்தானைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பூங்கோதை வந்தாள். பச்சைச் சுங்குடிச் சேலை, அள்ளி முடிந்த கொண்டை. மைக் முன்னால் நின்று முந்தானையை இடுப்பில் சொருகினாள். பேசுவதற்கு முன் ஒருமுறை தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலைக் கேட்டதும் மகுடேஸ்வரி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஒளியால் செய்த உருவம்தான் என்று தெரிந்தும் எழுந்து ஓடிக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

"மேடையில் வீற்றிருக்கும் மாவட்டச் செயலாளர்…" என்று அக்கா ஆரம்பித்தாள்.

பதவியைக் கேட்டதுமே நாச்சிமுத்து எழுந்து கைகூப்பிவிட்டார். பெரிய திரையில் அவர் முகம். விசில் பறந்தது.

"…அன்று காலை பதினொன்று பதினான்குக்கு, கேட்டைப் பூட்டிவிட்டார்கள் அண்ணா என்று நான் அழுதபோது, 'கல்யாண வீட்டுல இருக்கேன் கண்ணு, பந்தி முடியட்டும்' என்று சொல்லிப் போனை வைத்த, என் மதிப்பிற்குரிய அண்ணன் நாச்சிமுத்து அவர்களே!"

'அவர்களே' என்றால் தட்ட வேண்டும் என்பது கூட்டத்துக்குப் பழகிப்போனது. தட்டிவிட்டார்கள். தட்டின கைகள் அப்படியே நின்றன. நாச்சிமுத்து கூப்பின கையோடு நின்றார். சிரிப்பு இன்னும் முகத்தை விட்டு இறங்கவில்லை. எங்கே போவது என்று அதற்கும் தெரியவில்லை.

"சிலை திறப்பு விழாவில் ரிப்பனைப் பிடித்திருந்த நகர அவைத்தலைவர் அவர்களே! மாவட்டத்தின் முதன்மைத் தொலைக்காட்சி ஆசிரியரும், பதினொன்று இருபத்தொன்றுக்கு, 'இதுவரைக்கும் யாராச்சும் செத்தாங்களா? செத்தாக் கூப்பிடு, கேமரா வண்டி அனுப்பறேன்' என்று சொன்னவருமான, சகோதரர் தனசேகர் அவர்களே!"

தனசேகர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கூட்டத்தை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது அவருடைய டிவிதான். "கட் பண்ணு! கட் பண்ணித் தொலைடா!" என்று போனில் கத்தினார். வெளியே ஒளிபரப்பு வண்டியில் இருந்த அவருடைய டிவிப் பையன்கள் நிறுத்தவில்லை. பார்க்கிறவர்களின் எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டிருந்தது. ஏறும்போது எதையும் நிறுத்தக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"பதினொன்று முப்பத்தாறுக்கு, 'உள்ள போகச் சொன்னது யாரு? இருந்து அனுபவி' என்று அறிவுரை சொன்ன, அன்றைய காவல் ஆய்வாளரும் இன்றைய நம் வேட்பாளருமான ரத்தினவேல் அவர்களே!"

இந்த முறை யாரும் தட்டவில்லை. சாந்தாமணியக்கா எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் பெண்கள் எழுந்தார்கள். ரத்தினவேல் மேடையின் பின்படிக்கு ஓடினார். அங்கேயும் ஆட்கள் நின்றார்கள். ஒயரைத் தேடி இரண்டு பேர் தவழ்ந்தார்கள்; ஒயரே இல்லாத இயந்திரத்தைத் தருவித்ததும் நாச்சிமுத்துதான்.

அவர் மகுடேஸ்வரியின் பக்கம் குனிந்தார். காதோரம் வியர்வை வழிந்தது.

"உன்னாலதான் நிறுத்த முடியுமாமா? நிறுத்து அம்மிணி. உன்ற கால்ல வேணாலும் விழறேன்."

"எதுக்குங்ண்ணா நிறுத்தோணும்? அக்கா இன்னும் வணக்கமே சொல்லலீங்களே."

"உன்ற அக்கா செத்துப்போயிட்டா!"

"அப்படீங்களா? பந்தி முடிஞ்சுதுங்களா அப்ப?"

அதைச் சொன்னபோது உடம்பெல்லாம் இனித்தது. எட்டு வருடமாகச் சோறு இறங்காத தொண்டையில் ஏதோ இறங்கியது. பழி தீர்ப்பது பாவம் என்று யார் சொன்னாலும் இனி அவள் நம்பப்போவதில்லை. இன்னும் பேசு அக்கா, இவர்கள் சந்ததிக்கும் சேர்த்துச் சொல் என்று மனதுக்குள் கத்தினாள்.

மாலை போட்டவர், கொடி பிடித்தவர் என்று மற்றவர்களையும் விளித்து முடித்துப் பூங்கோதை நின்றாள். தலையை மெல்லத் திருப்பினாள். இயந்திரத்தின் கேமரா மேடையில் இன்னும் யார் பாக்கி என்று தேடிக்கொண்டிருந்தது.

"பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு…" என்றாள்.

அந்த நேரம் யாருடையது என்று மகுடேஸ்வரிக்குத் தெரியும்.

அன்றைக்கு அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். துணிக்குவியலுக்கு அடியில் போன் அதிர்ந்தது. 'அக்கா' என்று வந்தது. அவளுடைய புருசனுக்கு அந்தப் பிளாண்டில்தான் வேலை. மூன்று நாளைக்கு முன்னால்தான் "எம் புருசன் சோத்துல மண்ணள்ளிப் போடாதே, இனிமேல் எனக்குப் போன் பண்ணாதே" என்று அக்காவிடம் சண்டை போட்டிருந்தாள். மறுபடியும் வாசலில் வந்து உட்காரக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துச் போனில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த காலரை எடுத்துத் தைத்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. புருசனிடமும் சொன்னதில்லை. துண்டித்த அழைப்புக்குப் பதிவு கிடையாது. பட்டியலில் மட்டும்தான் அது இருந்தது.

மேடைக்குக் கீழே ஷாநவாஸ் கட்டை விரலைக் காட்டி, வையுங்கள், வையுங்கள் என்று சைகை செய்தான். அவன் பார்த்திருக்கிறான். அதனால்தான் ஏறாதே என்றிருக்கிறான்.

முந்தானைக்கு அடியில் விரல் பெட்டியைத் தொட்டது. அழுத்தினால் போதும். சொல்ல வேண்டியவர்களைச் சொல்லியாயிற்று. அழுகையை அடக்க முடியாமல் தங்கச்சி நிறுத்திவிட்டாள் என்று ஊர் பரிதாபப்படும். நாச்சிமுத்து அந்த முந்தானையின் அசைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அக்காவை அவள் ஒருமுறை துண்டித்தாயிற்று. இப்போது அழுத்தினால் அது இரண்டாவது முறை.

பெட்டியை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

"…பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு நான் கடைசியாகக் கூப்பிட்டபோது, இரண்டாவது மணியில் துண்டித்த, என் அருமைத் தங்கை மகுடேஸ்வரி அவர்களே!"

குரலில் கோபம் இல்லை. தனசேகரை விளித்த அதே மரியாதை, அதே ஏற்ற இறக்கம். 'ஈசு' என்றுதான் அக்கா அவளைக் கூப்பிடுவாள். 'அவர்களே' என்று அவள் வாயால் கேட்டபோது, யாரோ செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

திரையில் இப்போது மகுடேஸ்வரியின் முகம். சாந்தாமணியக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாச்சிமுத்துவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது.

"உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்" என்றாள் பூங்கோதை.

மேடையில் ஒருவரும் அசையவில்லை. மகுடேஸ்வரி பொன்னாடையை எடுத்து நாற்காலியில் வைத்தாள். எழுந்தாள். முதலில் அக்காவைப் பார்த்து, பிறகு கீழே நின்ற பெண்களைப் பார்த்துக் கைகூப்பினாள். விளிக்கப்பட்டவர்களில் எழுந்து நின்று வணக்கத்தைத் திருப்பிச் சொன்னது அவள் ஒருத்திதான்.